வடசென்னையில் புது வீடு: அஸ்திவாரத்தையும் புயல் அறையையும் சேர்த்தே திட்டமிடும் முறை

புயலுக்குப் பதுங்க பூமிக்கடியில் ஓர் அறை என்ற யோசனை அமெரிக்காவின் உள்நாட்டுச் சமவெளிகளுக்குப் பொருந்தும். அங்கே சுழல்காற்று வரும், சில நிமிடங்களில் போய்விடும். காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் காற்றோடு மழையும் வருகிறது, மழையோடு கால்வாயும் வீட்டுக்குள் வருகிறது. ஐந்தாறு அடி தோண்டினாலே பல தெருக்களில் ஊற்று எடுக்கிறது. இந்த மண்ணில் நிலவறை கட்டினால் அது தண்ணீர்த் தொட்டியாகத்தான் முடியும்.

இங்கே புயல் அறை முதல் மாடியில், வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். அதன் நான்கு கான்கிரீட் சுவர்களும் இடையில் எங்கும் நிற்காமல் அஸ்திவாரம் வரை இறங்க வேண்டும். அதனால்தான் குழி தோண்டும் முன்பே இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. கட்டி முடித்த வீட்டில் பூஜை அறையைப் புயல் அறையாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால், அந்த அறையின் சுவர்கள் எதன்மேல் நிற்கின்றன என்று கேளுங்கள். பெரும்பாலும் வெறும் தளத்தின்மேல்தான் நிற்கும்.

முதலில் வெள்ள மட்டம்

வரைபடம் போடும் முன்பு மனைக்கு நாலு பக்கமும் உள்ள பழைய வீடுகளில் போய்க் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எதுவரை நின்றது? "முட்டி அளவு" என்ற பதில் உதவாது. சுவரில் கறை இருக்கும், கதவுச் சட்டத்தில் உப்பிய கோடு இருக்கும். அதில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு லெவல் ட்யூபில் (உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய்) தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அந்தக் கோட்டிலும் மறுமுனையை உங்கள் மனையின் மூலைக்கல்லிலும் பிடியுங்கள். ட்யூபுக்குள் ஒரே ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் மட்டம் தவறும். விரலால் தட்டித் தட்டி எல்லாக் குமிழியையும் வெளியேற்றிய பிறகே கோடு போடுங்கள். மூன்று வீடுகளிலிருந்து இப்படி எடுத்த மூன்று கோடுகளில் உயரமானதுதான் உங்கள் வெள்ள மட்டம்.

தரைத்தளம் அதற்கு மேல் 2 அடி இருக்கட்டும். சாலை மட்டத்துக்கு இன்னும் ஓர் அடி சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், வாசற்படி இறங்கி வீட்டுக்குள் போகும் நிலைக்கு வந்த வீடுகள் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தெருவுக்குத் தெரு உண்டு.

மனை கடலுக்கோ முகத்துவாரத்துக்கோ பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி பேசுகிறது. அலையேற்றம் உள்ள கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களுக்கும் அது உண்டு. மாதவரம், கொளத்தூர், ரெட்டேரிப் பக்கம் என்றால் பட்டாவோடு நின்றுவிடாமல் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கி, பழைய நில வகைப்பாட்டில் ஏரி, குட்டை, வாய்க்கால் என்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். அப்படி வந்தால் சட்டச் சிக்கல் வரலாம். சிக்கல் இல்லாமல் போனாலும் அடியில் இருப்பது சேறும் கொட்டிய மண்ணும்தான்.

மண் பரிசோதனை: எதைக் கேட்டு வாங்குவது

"பக்கத்து வீட்டுக்கு அஞ்சு அடிதான் போட்டோம், நமக்கும் அஞ்சு அடி போதும் சார்" என்பது மேஸ்திரிகளின் வழக்கமான பேச்சு. பக்கத்து வீடு சாயாமல் நிற்பதை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் வடசென்னையில் 50 அடி நகர்ந்தால் மண் மாறும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் மேலே மணல். எண்ணூர் முகத்துவாரம், மணலி, கால்வாய்க் கரைகளில் அந்த மணலுக்கு அடியில் கருப்பாக, நாற்றமடிக்கும் மெத்தென்ற கழிமண். உள்ளே வியாசர்பாடி, கொளத்தூர்ப் பக்கம் களிமண், அதன்மேல் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாக்கிய மண்.

ஒரு கிரவுண்டுக்குக் குறைந்த மனை என்றாலும் இரண்டு இடத்தில், எதிரெதிர் மூலைகளில், குறைந்தது 10 மீட்டர் ஆழத்துக்குத் துளை போடச் சொல்லுங்கள். 1.5 மீட்டருக்கு ஒருமுறை 'N' மதிப்பு (மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் எண்) எடுக்க வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்கச் சுத்தியல் எத்தனை முறை விழுந்தது என்ற கணக்குதான் அது. மணலில் 10-க்குக் கீழ் வந்தால் தளர்ந்த மண், 10 முதல் 30 வரை நடுத்தரம். களிமண்ணில் 4-க்குக் கீழ் என்றால் காலால் மிதித்தாலே பதியும் மண்.

அறிக்கையில் இந்த விவரங்கள் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்:

- நீர்மட்டம் எந்த மாதம் அளந்தது என்ற குறிப்பும், தரைமட்டம் வரை தண்ணீர் ஏறினால் தாங்குதிறன் எவ்வளவு என்ற கணக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். மே மாதம் அளக்கும்போது தண்ணீர் 8 அடியில் இருக்கும், தாங்குதிறன் நன்றாகத் தெரியும். நவம்பரில் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு மேல் ஏறியதும் மணலின் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகலாம்.
- நிலத்தடி நீரிலும் மண்ணிலும் குளோரைடு, சல்பேட், அமிலத்தன்மை அளவு.
- களிமண் என்றால் உப்பும் தன்மை. தடையற்ற உப்பல் 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண பூட்டிங் (பில்லருக்கு அடியில் பரவி நிற்கும் கான்கிரீட் பாதம்) கூடாது.
- தளர்ந்த மணல் என்றால் நிலநடுக்கத்தில் மண் குழம்பாகுமா என்ற கணக்கு. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பு சென்னையை மண்டலம் 3-ல் வைத்திருக்கிறது.

600 சதுர அடி வீட்டுக்கு ஒரு கணக்கு

20 அடிக்கு 30 அடி, கீழ்த்தளமும் ஒரு மாடியும், ஒன்பது பில்லர். பரப்பு சுமார் 56 சதுர மீட்டர். தளம், சுவர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாடிக்கு 134 டன். கீழே பிளின்த் பீம் (தரைமட்டத்தில் பில்லர்களைப் பிணைக்கும் உத்தரம்), கீழ்த்தளச் சுவர், படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் 160 டன் வரும். பூட்டிங்கின் சொந்த எடைக்கு 10 சதவீதம் கூட்டினால் 176 டன்.

மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் என்றால் தேவையான பூட்டிங் பரப்பு 17.6 ச.மீ. அது வீட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. தனித்தனிப் பூட்டிங் போதும். நடுப் பில்லருக்கு ஆறரை அடிச் சதுரம் வரும்.

அதே மண் நனைந்த நிலையில் 6 டன்தான் தாங்கும் என்றால் 29 ச.மீ. வேண்டும், அதாவது பாதிக்கு மேல். நடுப் பூட்டிங் எட்டரை அடியாகிப் பக்கத்துப் பூட்டிங்கை முட்டும். அந்த நிலையில் ஒன்பது குழிகள் தோண்டுவதைவிட வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாக, அதாவது ராஃப்டாகப் போட்டுவிடுவது மேல். பூட்டிங்குகளின் மொத்தப் பரப்பு வீட்டின் பாதியைத் தாண்டினால் ராஃப்ட் என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் எளிய அளவுகோல். 350 மி.மீ. கனத்தில் இந்த வீட்டுக்கு ராஃப்ட் 20 கன மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 6 கன மீட்டர் பிடிக்கும் ரெடிமிக்ஸ் லாரி நான்கு நடை வர வேண்டும்.

எண்கள் உங்கள் வீட்டுக்கு மாறும். ஆனால் கட்டமைப்புப் பொறியாளர் தரும் வரைபடத்தைப் புரிந்துகொள்ள இந்த அளவு தெரிந்தால் போதும். கையெழுத்துப் போடும் பொறுப்பு அவருடையது, மேஸ்திரியுடையது அல்ல.

இனி எந்த மண்ணுக்கு எது என்று சுருக்கமாகப் பார்க்கலாம். நடுத்தர இறுக்கமுள்ள மணலில் தனிப் பூட்டிங் வைத்து, எல்லாவற்றையும் பிளின்த் பீமால் இரு திசையிலும் கட்டிவிடலாம். தளர்ந்த மணல் என்றால் ராஃப்ட். உப்பும் களிமண் ஆழமாக இருந்தால் அண்டர் ரீம்டு பைல் (பூமிக்குள் இறங்கி, அடியில் குமிழ்போல் அகலும் கான்கிரீட் தூண்), குறைந்தது 3.5 மீட்டர் ஆழம், தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு குமிழ். கழிமண் என்றால் அதைத் தாண்டிக் கெட்டி மண் வரை இறங்கும் பைல். அண்டர் ரீம்டு பைலைத் தண்ணீருக்குக் கீழுள்ள தளர்ந்த மணலில் போடாதீர்கள். குமிழ் வெட்டும்போதே ஓரம் சரிந்துவிடும், கான்கிரீட்டுக்குள் மணல் கலந்தது யாருக்கும் தெரியாது.

ஒட்டிய சுவருள்ள மனைகளில் இன்னொரு சிக்கல். எல்லைப் பில்லரின் பூட்டிங் பக்கத்து மனைக்குள் நீள முடியாது. ஒரே பக்கம் நீண்ட பூட்டிங் கவிழப் பார்க்கும், பில்லரும் சேர்ந்து சாயும். அதை உள்பக்கப் பூட்டிங்கோடு ஒரு கனமான ஸ்ட்ராப் பீமால் பிணைக்க வேண்டும். வரைபடத்தில் எல்லைப் பில்லர் பூட்டிங்கின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல் காட்டியிருந்தால், பொறியாளர் உங்கள் மனையைப் பார்க்காமல் வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மண் கொட்டி உயர்த்துவதன் எடை

வெள்ளத்துக்குப் பயந்து 4 அடி மண் கொட்டி மேடாக்குகிறார்கள். அந்த 56 ச.மீ.-க்கு 4 அடி மண் என்றால் ஏறக்குறைய 120 டன். வீட்டின் இரண்டு மாடி எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு! கீழே கழிமண் இருந்தால் இந்த எடையிலேயே அது வருஷக்கணக்காக அமுங்கும். பைல் போட்டிருந்தாலும் அமுங்கும் மண் பைலைக் கீழ்நோக்கி இழுக்கும். பில்லர்கள் நிற்க, தரை மட்டும் இறங்கி டைல்ஸ் பிளந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மெத்தென்ற மண்ணில் மண்ணை உயர்த்தாமல் வீட்டையே பில்லர் மேல் தூக்கிவிடுவது நல்லது. கீழே வண்டி நிறுத்தலாம், வெள்ளம் வந்தால் வந்து போகட்டும். ஆனால் சுவரில்லாத கீழ்த்தளம் நிலநடுக்கத்துக்கு ஆகாது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாதில் இப்படித் தூண்மேல் நின்ற கட்டடங்கள்தான் பல சரிந்தன. இங்கேதான் புயல் அறை இரண்டாவது வேலை செய்கிறது. அதன் சுவர்கள் கீழ்த்தளத்தைத் தாண்டி அஸ்திவாரம் வரை இறங்கும்போது வீட்டின் முதுகெலும்பாகி, காற்றின் தள்ளலையும் நிலத்தின் ஆட்டத்தையும் தாங்குகின்றன.

புயல் அறையின் கூடு

உள்ளளவு 8 அடிக்கு 8 அடி. ஆறு பேர் கால் நீட்டி உட்காரலாம், இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கலாம். அன்றாடம் பூஜை அறையாகவோ, துணி அலமாரி அறையாகவோ, படிக்கும் அறையாகவோ இருக்கட்டும். சும்மா பூட்டிவைத்த அறை ஐந்தே வருஷத்தில் பழைய சாமான் கிடங்காகி, புயலன்று கதவே திறக்காது. ஒரு மூலையில் 3 அடிக்கு 4 அடியில் கழிவறை ஒதுக்கினால் இரவு முழுக்க வெளியே வரத் தேவையில்லை.

இடம், வீட்டின் நடுமையம். ஓரத்தில் வைத்தால் கட்டடம் ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தொளதொள என்றும் ஆகி, ஆட்டம் வரும்போது முறுக்கிக்கொள்ளும். படிக்கட்டை ஒட்டி அமைத்தால் இடமும் மிச்சம்.

சுவர் 150 மி.மீ. கான்கிரீட். 10 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும், சுவரின் நடுவில் ஒரே அடுக்கு. கதவு வாயின் இரு பக்கமும் மேற்புறமும் கூடுதல் கம்பி, மூலைகளில் சாய்வாக இரண்டு கம்பி. ஒரு மாடிக்குக் கணக்குப் போட்டால் கான்கிரீட் 4.3 கன மீட்டர், அதாவது 150 கன அடி. சிமெண்ட் சுமார் 35 மூட்டை, கம்பி கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைய. அந்த இடத்தில் எப்படியும் செங்கல் சுவர் வரத்தான் போகிறது, அதன் செலவு கழியும்.

சுவர்க் கம்பி அஸ்திவாரத்திலிருந்தே புறப்பட வேண்டும். ராஃப்டின் அடிக்கம்பியில் எல் வடிவில் மடக்கி உட்கார வைத்துக் கட்டுங்கள். தனிப் பூட்டிங் வீடு என்றால் இந்த நான்கு சுவருக்கும் சேர்த்து ஒரு சின்ன ராஃப்ட் தனியாக வரும். கான்கிரீட் போட்ட பிறகு துளைபோட்டுக் கம்பி செருகிக்கொள்ளலாம் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கீழ்த்தளத்தில் இந்தக் கூட்டுக்குள் மோட்டார், மீட்டர் எதுவும் வைக்காமல், எதிரெதிர்ச் சுவரில் அடிமட்டத்தில் ஓரடித் திறப்பு விடுங்கள். வெள்ளம் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் நின்றால் சுவரைத் தள்ளாது.

காற்றுக் கணக்கு: ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 3 அடிக்கு 7 அடிக் கதவின்மேல் 300 கிலோ. புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு அதே ஆவணம் வேகத்தை 1.3 ஆல் பெருக்கச் சொல்கிறது. புயல் அறைக்கு அதையே எடுத்துக்கொண்டால் கதவின்மேல் 500 கிலோ விழும். கடையில் வாங்கும் பிளஷ் டோரும் ஒற்றைத் தாழ்ப்பாளும் இதற்கு முன் நிற்காது. கெட்டியான மரக் கதவோ இரும்புக் கதவோ, மூன்று கீல், மேல் நடு கீழ் என மூன்று தாழ். கதவு உள்பக்கம் திறக்கட்டும். வெளியே அலமாரி சரிந்து கிடந்தாலும் நீங்கள் வெளியே வர முடியும்.

ஜன்னல் வேண்டாம். காற்றுக்கு 6 அங்குலக் குழாய் இரண்டு, ஒன்று தரையருகே, ஒன்று கூரையருகே, வெளிமுனை கீழ்நோக்கி வளைந்து வலை போட்டு. உள்முனையில் இறுக மூடும் மூடி கட்டாயம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கும். ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் அந்த மூடி புயலில்லாத நாளிலும் உதவும்.

குழி, தண்ணீர், பக்கத்து வீடு

அஸ்திவார வேலையை மார்ச் முதல் ஜூன் வரைக்குள் முடிப்பது போல் நாள் பாருங்கள். பூமி பூஜை முகூர்த்தம் ஐப்பசியில்தான் அமைகிறது என்றால் பூஜையை மட்டும் அன்று செய்துவிட்டுக் குழியை மாசிக்குப் பின் தோண்டுங்கள்.

குழியில் ஊற்று எடுத்தால் மோட்டார் போட்டு இறைக்கத்தான் வேண்டும். இறைக்கும் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் மோட்டாரை நிறுத்துங்கள். நீங்கள் தண்ணீரோடு பக்கத்து வீட்டின் அடிமண்ணையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். குழியின் ஒரு மூலையில் இரண்டடி ஆழப் பள்ளம் வெட்டி, ஓட்டை போட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டி, டிரம்முக்குள்ளிருந்து இறையுங்கள். பக்கத்து வீடு பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம் என்றால் எல்லை ஓரத்தை ஒரே நாளில் திறக்காமல் நாலடி விட்டு நாலடியாக, சவுக்குக் கட்டையும் பலகையும் முட்டுக்கொடுத்துத் தோண்ட வேண்டும். தோண்டும் முன்பு அவர்கள் சுவரில் இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

தோண்டிய மணல் பார்க்கப் பளபளவென்று இருக்கும், கலவைக்குப் போடலாம் என்று கை துறுதுறுக்கும். கூடாது, அதில் உப்பு இருக்கிறது. தரைக்கு அடியில் நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் 6 அங்குல அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து. அதன்மேல் கெட்டி பாலிதீன் ஷீட் விரித்த பிறகு தரைக் கான்கிரீட் போட்டால் உப்பு மேலேறிச் சுவரில் பூக்காது.

உப்புக்காற்றில் நிலைக்கும் கான்கிரீட்

கடலோரக் காற்றுக்கு ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம் எம்30 தரம், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள். 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், ஈர மணலில் உள்ள தண்ணீரையும் சேர்த்து. சித்தாள் பக்கெட்டால் கண்ணளவில் ஊற்றினால் முப்பதைத் தாண்டும். கலவை ஓடவில்லை என்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும், தண்ணீர் அல்ல.

சிமெண்டில் ஸ்லாக் சிமெண்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) அல்லது பி.பி.சி. (சாம்பல் கலந்தது) எடுங்கள். சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். சல்பேட் மட்டும் இருக்கும் இடத்துக்கு அது சரி. குளோரைடும் சேர்ந்த கடலோர மண்ணில் கம்பியைக் காக்க அது அவ்வளவு கைகொடுக்காது.

போர் தண்ணீரைக் கலவைக்கும் கியூரிங்குக்கும் (கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும்) தொடாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல வருஷக் கதை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மெட்ரோ தண்ணீர் லாரி செலவு அதிகம்தான், ஆனால் பத்து வருஷத்தில் வெடித்துக் கொட்டும் பில்லரைச் சரிசெய்வது அதைவிடப் பல மடங்கு.

கம்பி எஃப்.இ. 500டி. வாங்கி வாரக்கணக்கில் தெருவோரம் போடாதீர்கள், அப்படிக் கிடந்தால் கான்கிரீட்டுக்கு முன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கவர் பிளாக் (கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடைவெளி காக்கும் சின்னக் கட்டை) பூட்டிங்குக்கு அடியில் 50 மி.மீ., பில்லருக்கு 45. பிளாக் தீர்ந்துவிட்டால் ஜல்லியையும் செங்கல் துண்டையும் கம்பிக்கடியில் சொருகுவது வழக்கம். செங்கல் ஈரத்தை உறிஞ்சிக் கம்பியிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுக்கும். "அடுத்த மாடிக்கு" என்று மொட்டை மாடியில் நீட்டிவிடும் கம்பிகள் இங்கே சில வருஷத்திலேயே துருப்பிடித்துத் தேயும். அவற்றைச் சிமெண்ட் பால் பூசி மட்டக் கான்கிரீட்டால் மூடிவையுங்கள்.

ரெடிமிக்ஸ் லாரி கலந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை அதைக் கவலைப்படாது. அதிகாலையில் வரச் சொல்லுங்கள், சீட்டில் கலந்த நேரத்தைப் பாருங்கள். தாமதமான லாரியில் டிரைவர் தண்ணீர் பிடிக்கப் பார்த்தால் திருப்பி அனுப்புங்கள். பி.பி.சி., ஸ்லாக் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் கியூரிங், 14 நாள் என்றால் நிம்மதி. மண் மூடும் முன் புதையும் பகுதி முழுக்க இரண்டு கோட் பிட்டுமின்.

சம்ப், சாக்கடை, மின்சாரம்

காலி சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மிதக்கும். வெளியளவில் 8 அடிக்கு 6 அடி, ஆறடி ஆழ சம்பை, நீர்மட்டம் தரைவரை வந்த நாளில் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 8.2 டன். 6 அங்குலக் கான்கிரீட்டில் கட்டியதன் சொந்த எடை எட்டு, எட்டரை டன். நின்றாலும் மயிரிழையில்தான் நிற்கும். நாலரை அங்குலச் செங்கல்லில் கட்டினால் எழும்பிவிடும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டி அதன்மேல் மண் போட்டு அமுக்குங்கள், புயல் எச்சரிக்கை வந்ததும் சம்பை நிரப்பிவிடுங்கள். மூடியின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். 2023-ல் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்த எர்ணாவூர்ப் பக்கம் இதன் அவசியம் சொல்லாமலே தெரியும்.

சாக்கடை இணைப்பில் திரும்பிவராத வால்வு போட்டு, அதைத் துடைக்க ஒரு சேம்பர் விடுங்கள். மீட்டர் போர்டு வெள்ள மட்டத்துக்கு மேலே. கீழ்த்தள மின்சுற்று தனி ஐசொலேட்டரோடு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடு.

மேலே

மொட்டை மாடியில் ஷீட் கூரை போடுவதாக இருந்தால் அதன் இரும்புக் கால்கள் தளத்துக்குள் பதித்த போல்ட்டில் நிற்கட்டும். கைப்பிடிச் சுவர்ச் செங்கல்லில் நிறுத்தினால் காற்று கூரையைச் சுவரோடு பிடுங்கும். பிளாஸ்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் பந்து. பட்டையால் கட்டி, புயலுக்கு முன் நிரப்புங்கள்.

அறைக்குள் வைக்க வேண்டியதும் கூடாததும்

தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாள், ஆறு பேர்: 72 லிட்டர் தண்ணீர். டார்ச், பேட்டரி ரேடியோ, பவர் பேங்க், மருந்து, பத்திரங்கள் பிளாஸ்டிக் உறையில், கடப்பாறை ஒன்று. கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, கரி அடுப்பு எதுவும் உள்ளே வரக் கூடாது.

2016 டிசம்பர் 12 வர்தா புயலைப்போல் கண் பகுதியே நம்மைக் கடந்தால் நடுவில் காற்று ஓய்ந்து வெயில்கூட எட்டிப்பார்க்கலாம். அப்போது வெளியே வராதீர்கள், அடுத்த வீச்சு எதிர்த் திசையிலிருந்து வரும். கடல் உள்ளே வரும் என்று வெளியேறச் சொன்னால் அறையை நம்பி உட்கார வேண்டாம். இந்த அறை காற்றுக்கும் பறந்து வரும் பொருளுக்கும் கட்டியது, அலைக்கு அல்ல.

மூடும் முன் ஒரு பதிவு

பூட்டிங் கம்பி, சுவர்க் கம்பி, கவர் பிளாக், குழாய்கள் எல்லாவற்றையும் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். புயல் அறைச் சுவருக்குள் வயர் குழாய்களைக் கான்கிரீட்டுக்கு முன்பே பதித்துவிடுங்கள். வரைபடத்தின் ஒரு பிரதியை லேமினேட் செய்து அந்த அறைக் கதவின் உள்பக்கமே ஒட்டிவையுங்கள். நாளைக்கு ஏசி மாட்ட வருகிறவர் கோர் கட்டிங் மெஷினோடு முதலில் கை வைக்கப்போவது அந்தச் சுவரில்தான்.